மாலொக்ளூஷனுக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

அஸ்தம்பட்டி பல் டாக்டர்:
குழுவினருக்கு வணக்கம். அடுத்த மாதம் ஏற்காட்டில் பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கு இரண்டு நாள் தொடர்கல்விப் பயிலரங்கு. நோயறிதலும் சிகிச்சைத் திட்டமிடலும்தான் பாடம். அதோடு நோயாளிகளுக்குத் தமிழில் நாலு பக்கக் கையேடு. அது என் தலையில் விழுந்தது. ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன். மாலொக்ளூஷன். வாயை மூடும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவேண்டிய விதத்தில் சேராதது. 'பல்வரிசைக் கோளாறு' என்று எழுதினேன், உடன் வேலை பார்ப்பவர் அடித்துவிட்டார். நியாயம்தான். போன வாரம் வந்த பையனுக்குப் பல்வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் முன்பற்கள் சந்திப்பதே இல்லை, இடைவெளியில் நாக்கு எட்டிப் பார்க்கிறது. தட்டுவடை செட்டைக்கூடக் கடைவாய்க்குத் தள்ளித்தான் கடிக்கிறான்.

ஆத்தூர்ப் புலவர்:
டாக்டர் அம்மா, தொல்காப்பியர் பிறப்பியலிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்: 'பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்.' பல்லும் இதழும் சேர்வது இயைவு என்றால் பல்லும் பல்லும் சேர்வதும் இயைவுதான். ஆக, பல்லியைவு. எதிர்மறை, பல்லியையாமை.

ஏற்காட்டுத் தம்பி:
ஐயா கோபிக்கக் கூடாது. எங்கள் அம்மாவிடம் 'பல்லியையாமை' என்று படித்துக் காட்டினேன். "பல்லிய என்னடா பண்ணாங்க?" என்றார். 'கடிக்கோளாறு' என்று போட்டுவிடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

ஆத்தூர்ப் புலவர்:
பிரித்து அச்சிட்டால் பல்லி தானே ஓடிவிடும். கடியா? உரியியலில் கடிக்குப் பத்துப் பொருள் சொல்லியிருக்கிறது. வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. பல்லால் கடிப்பது அதில் இல்லவே இல்லை! கடிமணம், கடிநகர் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்?

ஏற்காட்டுத் தம்பி:
கடி ஜோக்கைப் பதினொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் ஐயா.

உருக்காலையில் ஓய்வு பெற்றவர்:
பற்சக்கரம் ஒன்றோடொன்று சேராவிட்டால் நாங்கள் 'பல் உக்காரலை' என்போம். 'பொருந்தாக் கடி' என்றால் என்ன?

ஆத்தூர்ப் புலவர்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பல் டாக்டர் கையேட்டில் ஈறு கெடலாமா?

அஸ்தம்பட்டி பல் டாக்டர்:
சிரித்து முடித்தேன். ஆனால் 'பொருந்தாக் கடி'யில் ஒரு சிக்கல். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் ஆங்கிள் 1899இல் மாலொக்ளூஷனை மூன்று வகுப்பாகப் பிரித்தார். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் எப்படி அமைகிறது என்பதுதான் அளவுகோல். முதல் வகுப்பில் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தியே இருக்கும். முன்னால் இடமில்லாமல் தெற்றுப்பல். அதுவும் மாலொக்ளூஷன்தான்! அப்புறம், இப்போது பல்லை அச்செடுத்து வார்த்த மாதிரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் முடிவு செய்வதில்லை. 1931இல் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே வந்தது, இன்று முப்பரிமாண ஸ்கேன் வரை வந்தாயிற்று. முகம், உதடு, சிரிப்பு இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பல்லுக்கு வருகிறோம். கீழ்த்தாடையே பின்தங்கியிருந்தால் பத்து வயதில் ஒரு வழி, வளர்ச்சி நின்ற பிறகு வேறு வழி. சொல்லைக் கேட்டதும் "கம்பி போட்டா போதுமா டாக்டர்?" என்று நிற்கக் கூடாது, அதுதான் என் கவலை.

உருக்காலையில் ஓய்வு பெற்றவர்:
அவ்வளவையும் ஒரே சொல் சுமக்காது அம்மா. கோளாறு என்றால் எதுவும் அடங்கும். கடிக்கோளாறுக்கே என் ஓட்டு. அடியில் நீங்கள் இப்போது சொன்னதையே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி பல் டாக்டர்:
ஞாயிறு இரவு பத்தரை. அச்சகத்துக்குக் 'கடிக்கோளாறு' என்றே அனுப்புகிறேன். தட்டுவடைப் பையன் கதையும் முதல் பக்கத்தில் போகிறது, பெயர் இல்லாமல்.

ஆத்தூர்ப் புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள், ஒற்று மட்டும் பார்த்துத் தருகிறேன்.