தண்ணீர் வராத பதினெட்டாம் பெருக்கு

ஆடிப்பெருக்கு நினைவு என்றால் எல்லாரும் காவிரி கரை புரண்டு ஓடிய வருஷத்தைத்தான் எழுதுகிறீர்கள். எனக்கு மறக்காதது 2017, ஆற்றில் தண்ணீரே இல்லாத ஆடிப்பதினெட்டு.

அந்த வைகாசியில்தான் எனக்குக் கல்யாணம். திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊர், ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். பதினெட்டு அன்று கல்யாண மாலையை ஆற்றில் விட்டுவிட்டுப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம், மாலை இரண்டும் காய்ந்து துணிப்பையில் இருந்தன. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறந்ததே அந்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதிதான். படித்துறையில் இறங்கினால் கண்ணுக்கெட்டின வரை மணல். சில பேர் போர்செட் தண்ணீரைக் குடத்தில் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டு திரும்பினார்கள், நானும் வீட்டிலேயே கும்பிட்டுக்கலாம் என்றேன்.

அப்பாயி, என் அப்பாவின் அம்மா, கேட்கவில்லை. ஆடியில் காவிரி மசக்கைக்காரி, அவள் வாய்க்கு ருசியாகத்தான் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு போகிறோம். "பிள்ளத்தாச்சி வர நேரமாச்சுன்னா சோறாக்காம இருந்துடுவியா?" என்று கேட்டுவிட்டு கூடையைத் தூக்கிக்கொண்டது. ஸ்ரீரங்கத்தில் பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி அவளுக்குப் பட்டும் மாலையும் மஞ்சளுமாகச் சீர் கொடுக்கிறார், யானை மேல் வரும் அந்தச் சீரை ஆற்றில்தான் விடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு நாம் நிறுத்த முடியுமா என்பதுதான் அப்பாயியின் கணக்கு.

நடு ஆற்றில் உட்கார்ந்து ஊற்று தோண்ட ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் மண்வெட்டி எடுத்து வந்தார், காவிரி உடம்பில் இரும்பு படக்கூடாது என்று சொல்லி அதைத் தொடவே விடவில்லை. கையாலேயே அள்ளி அள்ளிப் போட்டது, இரண்டு முழம் போனதும் மணல் கறுத்தது, ஓரம் சரிந்து குழி மூடிக்கொண்டது, மறுபடியும் அள்ளினோம், அப்புறம் அடியில் ஒரு கை அளவுக்குக் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார், காப்பரிசி, நாவல்பழம், பேரிக்காய் எல்லாம் வைத்து, காதோலை கருகமணியை அந்தக் குழித் தண்ணீரில் விட்டோம். எனக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு, அவருக்குக் கையில். பிள்ளைகளின் சப்பரம் மணலில் புதைந்து நகரவில்லை, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மாலையை மட்டும் அப்பாயி விடவில்லை. "அது ஓடுற தண்ணிக்குத்தான்" என்று வீட்டு ஆணியில் மாட்டிவிட்டது. அக்டோபரில் ஊரிலிருந்து போன் வந்ததும் போனோம், நுரையும் செத்தையுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து மாலையில் இருந்த ஜிகினா, பிளாஸ்டிக் மணி ஒவ்வொன்றையும் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டது. பூ பாதி உதிர்ந்துவிட்டது, மிச்சமிருந்த நாரையும் சருகையும்தான் எங்கள் கையில் கொடுத்தது. இப்போது மாலையைப் பாலித்தீன் பையோடு எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை, தயவுசெய்து பிரித்துவிட்டு விடுங்கள்.

இரண்டு மாலையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வளைவு வரை போயின. கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அப்பாயி படி ஏறியது.