புதுப்பிப்பு: கோத்தகிரி வாசிப்பு வட்டமும் ‘கடலடியில் 20,000 லீக்’ நாவலும்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடல் அரக்கன் திரில்லர் என்று எடுத்த ஜூல் வெர்ன் நாவலைப் பாதிப்பேர் நடுவிலேயே மூடிவிட்டார்கள், ஏன் என்பதுதான் நான் முன்பு கேட்டிருந்த கேள்வி.

“மொழிபெயர்ப்பைப் பாருங்கள்” என்றவர் சொன்னதே சரி. முதல் பாகம் 13ஆம் அத்தியாயத்தில், கதையில் வரும் நீர்மூழ்கிக் கப்பலின் எஃகுத் தகட்டின் அடர்த்தி நீரைப்போல் 7.8 மடங்கு என்றிருந்தால் நம்பி வாங்கலாம். .07, .08 என்றிருந்தால் அது 1870களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கால்வாசி வெட்டுப்பட்டது. (அந்தக் கணக்குப்படி எஃகு தக்கையைவிட லேசு!) மலிவு மறுபதிப்புகள் பல இதுதான். மாற்றிக் கொடுத்ததும் விட்டவர்களில் பெரும்பாலோர் முடித்தார்கள்.

நாவலில் நீளமாக வரும் மீன் பெயர்ப் பட்டியல்களைத் தாண்டிப் போகும் யோசனையும் உதவியது, ஓரளவுக்கு. ராட்சதக் கணவாய் இரண்டாம் பாகம் 18ஆம் அத்தியாயத்தில்தான் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் பயமுறுத்தும் ‘அரக்கன்’ வேறு.

எதிர்பாராத விஷயம்: கணவாய்ச் சண்டை யாருக்கும் முதலிடம் இல்லை. அதற்கு இரண்டு அத்தியாயம் முன்னால், பனிக்கட்டிக்குள் சிக்கிய கப்பலில் காற்று தீர்ந்துகொண்டே வர, சுற்றியுள்ள நீர் உறையாமலிருக்கக் கொதிநீரைப் பீய்ச்சும் இடம்தான் எல்லோருக்கும் பிடித்தது. ஆடி மஞ்சுக்கு ஜன்னலடைத்துப் படித்தால் மூச்சு முட்டும்.