போர் மோட்டார் கணக்கில் மீதி ஆற்றல் எங்கே போகிறது?

வணக்கம், மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு இயற்பியல் புரியட்டும் என்று குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் போர் மோட்டாரையே கணக்காக எடுத்தோம். நொடிக்கு 4,000 ஜூல் மின்னாற்றல் உள்ளே போகிறது, 20 மீட்டர் ஆழத்திலிருந்து 10 லிட்டர் மேலே வருகிறது என்றால் நிலையாற்றல் 10 × 9.8 × 20, அதாவது 1,960 ஜூல்தான், பாதிகூட இல்லை. மீதி இயக்க ஆற்றல் என்கிறாள் அவள். ஆனால் 3 அங்குலக் குழாயில் நீரின் வேகம் நொடிக்கு சுமார் 2.2 மீட்டர், அதற்கு 24 ஜூல்தான் வருகிறது! அப்புறம் அந்த 2,016 ஜூல்? மோட்டார் சுருளின் சூடு, பம்புக்குள் நீர் சுழல்வது, குழாய் உராய்வு எல்லாம் கடைசியில் வெப்பமாகிறது என்று சொன்னேன். சரிதானா? குழாய் உராய்வை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்கிட எளிய வழி இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆர்வமாகக் கேட்கிறாள், தப்பாகச் சொல்லிக்கொடுக்க மனமில்லை.