அடுத்த மாசம் வர்ற பட்ஜெட் போன்: ஏர்டெல்ல 5ஜி எடுக்குமா?

பென்னாகரத்தான்:
அடுத்த மாசம் வரப்போற 10,000 ரூபாய் போன் ஒண்ணோட விவரம் வெளியாகியிருக்கு. 5ஜி பேண்ட் (அலைவரிசை) பட்டியல்ல "என்1, என்3, என்8, என்28, என்40, என்78"னு இருக்கு, பக்கத்துல "எஸ்ஏ"னு மட்டும் போட்டிருக்கு. வீட்டுல ஏர்டெல், ஜியோ ரெண்டும் ஓடுது. ரெண்டுலயும் 5ஜி வருமா? நம்ம பக்கம் சுத்தி மலை.

பாலக்கோட்டார்:
ஜியோல வரும், ஏர்டெல்ல வராதுன்னு வெச்சுக்கங்கண்ணா. ஜியோ 5ஜி, 4ஜி துணையில்லாம தனியா நிக்கிற எஸ்ஏ. ஏர்டெல் மொபைல் 5ஜி பெரும்பாலும் என்எஸ்ஏ, அதாவது 4ஜி துணையோட ஓடுறது. 4ஜி பேண்ட் 3ஐயோ 1ஐயோ பிடிச்சுக்கிட்டுத்தான் அதுமேல என்78 ஏறும். போனுக்குள்ள சிக்னல் பிடிக்கிற மோடத்துல என்எஸ்ஏ இல்லைன்னா பட்டியல்ல என்78 இருந்தும் பிரயோஜனமில்ல. 2024 நவம்பர்ல வந்த ரெட்மி ஏ4 5ஜியைப் பாருங்க: ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப், எஸ்ஏ மட்டும், அதனால ஏர்டெல் சிம் போட்டா 4ஜிதான். அப்டேட்ல சரியாகும்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. 2022 டிசம்பர்ல ஐபோனுக்கு ஐஓஎஸ் 16.2ல 5ஜி திறந்துவிட்டாங்க, ஆனா அந்த மோடத்துக்குள்ள வசதி முன்னாடியே இருந்துச்சு.

அரூரான்:
மலைப் பக்கம்னா என்28 ரொம்ப முக்கியம். அது 700 மெகாஹெர்ட்ஸ், 2022 ஏலத்துல ஜியோ எல்லா டெலிகாம் வட்டத்துக்கும் வாங்கினது. 3,300க்கு மேல ஓடுற என்78 மேட்டுக்குப் பின்னாடியும் கான்கிரீட் வீட்டுக்குள்ளயும் சீக்கிரம் விழுந்துடும், என்28 நின்னு பிடிக்கும். ஆனா அதுல ஜியோவுக்கு இருக்கிற அலை அகலம் 10 மெகாஹெர்ட்ஸ்தான், என்78ல 100, அதனால என்28ல வேகம் கம்மி. சிக்னல் முழுசா காட்டியும் வேகம் மந்தமா இருந்தா போன் என்28ல உக்காந்திருக்குன்னு சந்தேகப்படலாம். பிஎஸ்என்எல் சிம்மும் போடுற எண்ணமிருந்தா 4ஜி வரிசையில பேண்ட் 28 தனியா இருக்கான்னு பாருங்க, 5ஜியில என்28 இருக்கிறது அதுக்குப் பத்தாது.

பென்னாகரத்தான்:
கடையில கையில வாங்கி எப்படி சோதிக்கிறது?

தேன்கனிக்கோட்டை:
ஏர்டெல் 5ஜி ஓடுற இன்னொரு போன் பக்கத்துல இருக்கணும், அதுல இருக்கிற சிம்மையே கழட்டிப் போடுங்க. அப்போ டவர் மேலயும் பிளான் மேலயும் பழி போகாது. தினம் 2 ஜிபிக்குக் குறைஞ்ச பிளான்ல அளவில்லா 5ஜி பொதுவா கிடையாது. ஐகானை மட்டும் நம்ப வேண்டாம். இந்த இடத்துல 5ஜி உண்டுன்னு 4ஜி டவர் சொன்னாலே சில போன்ல ஐகான் வந்துடும். சாம்சங்னா *#0011# அடிங்க, எல்டிஇ (4ஜி) பேண்டும் என்ஆர் (5ஜி) பேண்டும் சேர்ந்து வந்தா என்எஸ்ஏ ஓடுது. மத்த ஆண்ட்ராய்டுல *#*#4636#*#* அடிச்சு, நெட்வொர்க் வகையில "என்ஆர் ஒன்லி" வெச்சா ஜியோ நிக்கும், என்எஸ்ஏ மட்டும் இருக்கிற இடத்துல ஏர்டெல் சிக்னல் போயிடும். பாத்துட்டு பழையபடி மாத்திடுங்க, இல்லைன்னா ஏர்டெல் நம்பருக்கு கால் வராது.