இன்டர்வியூல நெஜமா என்ன கேட்டாங்க, எப்படி தேறுனீங்க? உங்க அனுபவத்த சொல்லுங்க

ராத்திரி ஷிஃப்ட்

நானே ஆரம்பிக்கிறேன். கஸ்டமர் சப்போர்ட்ல ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு இருந்தவன், இப்ப டேட்டா அனலிஸ்ட். மாறுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, ஊத்திக்கிட்டத எல்லாம் சொன்னா விடிஞ்சுடும், வேலை கிடைச்ச இன்டர்வியூவ மட்டும் சொல்றேன்.

தயாரிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஜேடிய, அதாவது வேலைல என்னென்ன செய்யணும்னு கம்பெனி போடுற விவரத்த, அப்படியே ஒரு நோட்ல எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல நான் நெஜமா செஞ்ச ஒரு வேலைய எழுதுனேன். எந்த வரிக்கு பக்கத்துல ஒண்ணும் எழுத வரலையோ அங்க தான் அடி விழும்னு தெரிஞ்சு போச்சு. "டேட்டாவ வெச்சு பிரச்சனைய கண்டுபிடிச்சு சொல்லத் தெரியணும்"னு ஒரு வரி. சப்போர்ட்ல இருந்தவனுக்கு டேட்டாவாவது ஒண்ணாவதுன்னு முதல்ல தோணுச்சு, அப்புறம் தான் ஞாபகம் வந்துச்சு. திங்கக்கிழமை ஆனா பாஸ்வேர்டு ரீசெட் டிக்கெட்டா வந்து குவியும், ஏன்னு பாக்கலாம்னு பழைய டிக்கெட்ட எல்லாம் எக்ஸெல்ல இறக்கி, வகை வகையா கூட்டிக் காட்டுற பிவட் டேபிள் போட்டு பாத்தேன், நிறைய பேருக்கு சனி ஞாயிறுல பாஸ்வேர்டு எக்ஸ்பைர் ஆகுது, ரிமைண்டர் மெயிலும் அன்னிக்கே போகுது, யார் பாப்பா? டீம் லீடர்கிட்ட காட்டுனேன், மெயில வெள்ளிக்கிழமைக்கு மாத்துனாங்க, குவியறது குறைஞ்சுது. அவ்ளோ தான் கதை.

இன்டர்வியூல பாதி நேரம் இந்த ஒரு கதைலயே போச்சு. ஒருத்தரே திரும்ப திரும்ப டிக்கெட் போட்டிருந்தா எப்படி கழிச்சீங்க? லீடர் முடியாதுன்னு சொல்லியிருந்தா? கடைசியா ஒரு மேடம், அதுவரைக்கும் வாயே திறக்கல, "குறைஞ்சது மெயில மாத்துனதால தான்னு எப்படி சொல்றீங்க, லீவு சீசனா கூட இருக்கலாம்ல"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், முழுசா அதனால தான்னு அடிச்சு சொல்ல முடியாது மேடம், ஆனா அதே வாரங்கள்ல மத்த டிக்கெட் எதுவும் குறையல, இது மட்டும் தான் குறைஞ்சுது, அத வெச்சு சொல்றேன். அவங்க குனிஞ்சு ஏதோ எழுதுனாங்க. நெட்ல இருந்து உருவுன கதையா இருந்தா ரெண்டாவது கேள்விலயே முழி பிதுங்கியிருக்கும்.

பேனல் பக்கம்

தம்பி, அந்த மேடம் குனிஞ்சு எழுதுனது பெரும்பாலும் மார்க் தான். நான் பல வருஷமா அந்தப் பக்கம் உக்காந்து கேள்வி கேக்குறவன், அங்க என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

ஒழுங்கா நடத்துற இடங்கள்ல எல்லா ஆளுக்கும் ஒரே கேள்வி, ஒரே ஸ்கோர் ஷீட். ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூன்னு சொல்வாங்க. சும்மா இல்ல, 1998ல ஷ்மிட், ஹன்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 85 வருஷத்து ஆய்வுகள மொத்தமா அலசுனப்ப, ஆள பாத்து வாய்க்கு வந்தத கேக்குற இன்டர்வியூவ விட இது தான் வேலைல யார் தேறுவாங்கன்னு நல்லா கணிக்குதுன்னு வந்துச்சு. 2022ல சாக்கெட் டீம் அந்த கணக்க திரும்ப போட்டாங்க, எண்கள் பெரும்பாலும் இறங்குச்சு, ஆனா ஆள் எடுக்குற வழிங்கள்ல ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ தான் முதல்ல வந்து நின்னுச்சு. அதனால பேனல் உம்முன்னு உக்காந்திருந்தா பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல, ஷீட்ட பாத்து படிச்சுட்டு இருக்கோம், சிரிக்க நேரம் இல்ல, அவ்ளோ தான்.

ஒரு அனுபவத்த வரிசையா சொல்ற ஸ்டார் முறை எல்லாருக்கும் தெரியும்: சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட். வர்றவங்கள்ல நிறைய பேர் சிச்சுவேஷன்லயே குடித்தனம் நடத்துவாங்க. கம்பெனி என்ன பண்ணுது, கிளையன்ட் யாரு, டீம்ல எத்தன பேரு, எல்லாம் வரும், "நீங்க என்ன பண்ணீங்க"ன்னு நான் குறுக்க கேட்டா "டீமா சேர்ந்து சால்வ் பண்ணோம்"னு ஒரு வரில முடிச்சுடுவாங்க. எனக்கு மார்க் போட இருக்குற கட்டமே ஆக்‌ஷன் தான், அங்க எழுத ஒண்ணுமே இல்லன்னா நான் என்ன பண்றது? முன்கதைய ரெண்டு மூணு வாக்கியத்துல முடிங்க, மிச்ச நேரம் பூரா நீங்க என்ன யோசிச்சீங்க, எத வேணாம்னு விட்டீங்க, யார்கிட்ட பேசுனீங்க, அது வரணும்.

இன்னொண்ணு, புதிர் கேள்விக்கு உக்காந்து படிக்கிற பசங்கள பாத்தா பாவமா இருக்கு. கூகுள்ல அப்ப ஹெச்ஆர் தலைமைல இருந்த லாஸ்லோ பாக் 2013லயே நியூயார்க் டைம்ஸ் பேட்டில சொல்லிட்டாரு, அந்த மாதிரி கேள்வியெல்லாம் சுத்த வேஸ்ட், கேக்குறவனுக்கு தான் தன்ன பெரிய புத்திசாலின்னு நெனப்பு வரும்னு. அந்த நேரத்துல போற கம்பெனி சைட்ட ஒரு தடவ படிங்க. அமேசான் மாதிரி இடத்துல 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ் வெளிப்படையா போட்டு வெச்சிருக்காங்க, கேள்விங்க அத சுத்தி தான் வரும், ஆனா அதையும் படிக்காம வர்ற ஆளுங்க இருக்காங்க.

அப்புறம் ரெஸ்யூம். அதுல இருக்குற எந்த வரியையும் கேக்க எனக்கு உரிமை இருக்கு. தெரியாத டூல் பேர அழகுக்கு போட்டு வெச்சிருந்தா நான் மொதல்ல கை வைக்கிறது அங்க தான்.

ஒத்த வரி

ஸ்கோர் ஷீட்டாம் ஸ்கோர் ஷீட்டு. நான் போன ஒரு இடத்துல மேனேஜர் கடைசி வரைக்கும் லேப்டாப்ப விட்டு தலைய நிமித்தவே இல்ல, ரெஸ்யூமயும் அப்ப தான் முதல் தடவ பாக்குறாரு. எல்லா இடமும் ஒழுங்கா நடத்துறாங்கன்னு நெனச்சுக்கிட்டு போனா ஏமாந்து தான் வரணும். அந்த மாதிரி ஆள்கிட்ட நான் பண்றது, "இந்த வேலைல சேர்றவங்க முதல் மூணு மாசத்துல எத முடிக்கணும்னு எதிர்பாக்குறீங்க சார்"னு நானே கேட்டுடுவேன். அவரு தன்னோட தலைவலிய கொட்ட ஆரம்பிப்பாரு, அதுல எனக்கு தெரிஞ்சது எதுவோ அத பிடிச்சுக்குவேன். அன்னிக்கு அப்படித் தான் ஆஃபர் வந்துச்சு. சேரல, அது வேற விஷயம்.

கேப் விழுந்தவ

அம்மாவுக்கு உடம்பு முடியாம போயி வேலைய விட்டேன், திரும்ப வர்றப்ப ரெஸ்யூம்ல பெரிய ஓட்டை. எல்லா இன்டர்வியூலயும் "இந்த கேப்ல என்ன பண்ணீங்க" தான். ஆரம்பத்துல ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு நீட்டி முழக்குவேன், கேக்குறவங்க சங்கடமா உச்சு கொட்டுவாங்க, அதுக்கப்புறம் ரூம்ல யாருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியாது, வேலைய பத்தின பேச்சே அமுங்கிப் போயிடும்.

அப்புறம் என் அக்கா ஒரு யோசனை சொன்னா, பதில்ல பாதிக்கு மேல இன்னிக்கு நிலைமைய பத்தி இருக்கட்டும்னு. "வீட்ல ஒருத்தர பாத்துக்க வேண்டியிருந்துச்சு, இப்ப அந்த பொறுப்பு முடிஞ்சுது. போன சில மாசமா அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன கத்துக்கிட்டேன், தெரிஞ்சவங்க ஒருத்தரோட கணக்க அதுல தான் முடிச்சு குடுத்தேன்." இவ்ளோ தான். உடனே அந்த சாஃப்ட்வேர் பத்தி கேள்வி வரும், பேச்சு வேலைக்கு திரும்பிடும். சொந்த விஷயத்த ஒளிக்கவும் வேணாம், ஒப்பாரியும் வேணாம்.

பதில மொபைல்ல ரெக்கார்டு பண்ணி கேட்டு பாருங்க, சத்தியமா சொல்றேன், நம்ம குரல நாமளே கேக்குறது கொடுமை. நான் ரெண்டு வார்த்தைக்கு ஒரு "ஆக்சுவலி" போட்டிருந்தேன். மனசுக்குள்ள சொல்லிப் பாக்குறப்ப எல்லாமே சரளமா இருக்குற மாதிரி தான் தெரியும், வாய்விட்டு சொன்னா தான் எங்க இடிக்குதுன்னு பிடிபடும். ஆனா வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் பண்ணிடாதீங்க, நடுவுல ஒரு வார்த்தை மறந்தா மொத்தமும் காலி.

கோடு எழுதுறவன்

டெக்னிக்கல் ரவுண்டு பத்தி யாரும் சொல்லலையே. எனக்கு வந்தது ரொம்ப பழைய கேள்வி, ஒரு நம்பர் லிஸ்ட் இருக்கு, ஒரு டார்கெட் இருக்கு, எந்த ரெண்டு நம்பர கூட்டுனா டார்கெட் வரும். பாத்த உடனே கை பரபரன்னுச்சு, இருந்தாலும் அடக்கிக்கிட்டு முதல்ல கேள்வி கேட்டேன். லிஸ்ட் வரிசையா இருக்குமா, மைனஸ் நம்பர் வருமா, ஒரே நம்பர ரெண்டு தடவ எடுக்கலாமா, விடையே இல்லன்னா என்ன திருப்பி குடுக்கணும். இன்டர்வியூ எடுத்தவரு முகத்துல அப்பவே ஒரு தெளிவு.

அப்புறம் வாய்விட்டு யோசிச்சேன். ரெண்டு லூப் போட்டா எல்லா ஜோடியையும் பாக்கலாம், ஆனா அது n ஸ்கொயர், அதாவது லிஸ்ட் ரெண்டு மடங்கானா வேலை நாலு மடங்கு, பெரிய லிஸ்டுக்கு இழுக்கும். ஹேஷ் மேப்ல, அதாவது எதையும் சட்டுன்னு தேடி எடுக்குற பட்டியல்ல, பாத்த நம்பர போட்டுக்கிட்டே, டார்கெட்டுக்கு மிச்சம் வேண்டிய நம்பர் அதுல இருக்கான்னு தேடிக்கிட்டே போனா ஒரே சுத்துல முடியும், ஆனா மெமரி கூட வேணும். சரி, மேப்லயே எழுதுங்கன்னாரு. எழுதி முடிச்சதும் அவரு கேக்குறதுக்கு முன்னாடி நானே 3, 4, 2 லிஸ்டுக்கு டார்கெட் 6ன்னு ஓட்டிக் காட்டுனேன். இதுல தான் சூட்சுமம். 3ஐ மேப்ல போட்டுட்டு அப்புறம் தேடுனா அந்த 3ஏ தன்னோட ஜோடின்னு வந்து நிக்கும், 3ம் 3ம் 6ன்னு தப்பான விடை. முதல்ல தேடணும், கிடைக்கலன்னா தான் உள்ள போடணும், அப்ப சரியா 4ம் 2ம் வரும். அந்த ரெண்டு வரி முன்ன பின்ன மாறுனா கதை கந்தல்.

விடைய விட நீங்க யோசிக்கிறது வெளிய கேக்கணும். அமைதியா உக்காந்து சரியான விடைய எழுதுனா மனப்பாடம்னு கூட நெனைக்கலாம். அவங்க குடுக்குற ஹின்ட்ட தயவு செஞ்சு காதுல வாங்குங்க, சில பேர் ஹின்ட் வந்தா அவமானம்னு நெனச்சு தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிப்பாங்க.

வீடியோ இன்டர்வியூக்கு ஒண்ணே ஒண்ணு, பேசுறப்ப கேமராவ பாருங்க, ஸ்க்ரீன்ல தெரியுற உங்க மூஞ்சிய பாக்காதீங்க. அந்த செல்ஃப் வியூவ மறைச்சிட்டா இன்னும் நல்லது.

பேரம் பேசி

நான் சம்பள பேச்சுல மட்டும் கில்லாடி, அத பத்தி சொல்றேன். "எவ்ளோ எதிர்பாக்குறீங்க"ன்னு முதல் ஃபோன் கால்லயே கேப்பாங்க. எடுத்த எடுப்புல நம்பர் சொல்றதில்ல, "இந்த வேலைக்கு நீங்க ஒதுக்கியிருக்குற ரேஞ்ச் என்னன்னு சொன்னீங்கன்னா அதுக்குள்ள வருதான்னு சொல்றேன்"னு பணிவா திருப்பி விடுவேன். பாதிக்கு பாதி பேர் சொல்லிடுவாங்க. பிடிவாதமா கேட்டா முன்னாடியே விசாரிச்சு வெச்ச ஒரு ரேஞ்ச சொல்வேன், அதுல கீழ இருக்குற நம்பர் எனக்கு கட்டுப்படியாகுற நம்பரா இருக்கும், ஏன்னா அவங்க காதுல விழுறது அது மட்டும் தான்.

பழைய சம்பளம் எவ்ளோன்னு கேக்குறது எனக்கு சுத்தமா பிடிக்காது. அத வெச்சு புது சம்பளத்த முடிவு பண்ணா முதல் வேலைல கம்மியா வாங்குனவங்க காலம் பூரா கம்மியா தான் வாங்கணும். அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ் மாநிலத்துல ஆஃபர் குடுக்குறதுக்கு முன்னாடி இத கேக்கக் கூடாதுன்னு 2016ல சட்டம் போட்டு 2018ல அமலுக்கு வந்துச்சு, ஐரோப்பிய யூனியனும் 2023ல கொண்டு வந்த சம்பள வெளிப்படைத்தன்மை உத்தரவுல கேக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. உங்க இடத்துல என்ன விதின்னு பாத்து வெச்சுக்கோங்க. கேக்கலாம்னு இருந்தாலும் பொய் நம்பர் சொல்லாதீங்க, பே ஸ்லிப் கேட்டா மாட்டிக்குவீங்க.

ஃப்ரெஷர்

எல்லாரும் செஞ்ச வேலைய சொல்லுங்கன்னு சொல்றீங்க, நான் இன்னும் வேலைக்கே போகலையே. காலேஜ்ல பண்ணது லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் ஒண்ணு தான், அதுவும் பாதி கிளாஸ் அதையே தான் பண்ணுச்சு. இத வெச்சு என்னத்த சொல்றது?

பேனல் பக்கம்

தாராளமா சொல்லலாம். நான் ஃப்ரெஷருங்ககிட்ட அந்த ப்ராஜெக்ட தான் கேக்குறேன், என்ன பண்ணீங்கன்னு இல்ல, உள்ள போயி. உதாரணத்துக்கு, ஒரே புத்தகம் ஒரு காப்பி தான் இருக்கு, ரெண்டு பேர் ரெண்டு கம்ப்யூட்டர்ல இருந்து ஒரே நேரத்துல எடுக்குறாங்க, உங்க சிஸ்டம் என்ன பண்ணும்?

ஃப்ரெஷர்

அத யோசிக்கவே இல்ல சார். இருங்க, பாத்துட்டு வரேன்.

ராத்திரி ஷிஃப்ட்

ஹாஹா, தம்பி போயிட்டான். சார் உங்ககிட்ட ஒரு சந்தேகம், இன்டர்வியூ முடிஞ்சப்புறம் தேங்க்ஸ் மெயில் போடுறதுக்கு ஏதாவது மார்க் உண்டா?

பேனல் பக்கம்

எங்க ஷீட்ல அதுக்கு கட்டம் இல்ல. போட்டா ரெண்டு வரில போடுங்க, தப்பில்ல. தினமும் "அப்டேட் இருக்கா சார்"னு கேட்டு மெயில் போடுறது தான் எரிச்சல், எப்ப முடிவு தெரியும்னு கிளம்புறப்பவே கேட்டுக்கிட்டா அந்த தேதி வரைக்கும் நிம்மதியா இருக்கலாம்ல.

ஃப்ரெஷர்

சார், ரெண்டு விண்டோ ஓப்பன் பண்ணி ஓட்டி பாத்தேன். ரெண்டு பேருக்கும் அதே புக்க இஷ்யூ பண்ணிடுச்சு 😅 ஸ்டாக் மைனஸ் ஒண்ணுன்னு காட்டுது.

பேனல் பக்கம்

அருமை. ட்ரான்சாக்‌ஷன், லாக் ரெண்டையும், அதாவது ஒருத்தர் எடுத்து முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர நிறுத்தி வெக்கிற வழிய, படிச்சு சரி பண்ணுங்க. இன்டர்வியூல இந்த மைனஸ் ஒண்ணுல இருந்தே ஆரம்பிங்க.