செங்காந்தளை எடுத்தால் சிவப்புக் குழம்பாக வருகிறது, மேக்ரோ லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

சேலத்துப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். குப்பனூர் வழியில் ஏற்காடு மலை ஏறுவதற்கு முன்னால் வேலியோரமாகச் செங்காந்தள் பூத்துக் கிடக்கிறது, மூன்று ஞாயிறாக அதன் பின்னாலேயே அலைகிறேன். சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் என்பதால் போய்ச் சேரவே பத்தரை ஆகிவிடுகிறது. எடுத்த படங்களில் பாதி ஆட்டம். மீதியில் இதழ் மொத்தமும் சிவப்பு பெயின்ட் கொட்டியது போல இருக்கிறது, நெளிவும் தெரியவில்லை, ஓரத்து மஞ்சளும் தெரியவில்லை. கையில் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய கேனான், கூடவே வந்த 18-55, 55-250 லென்ஸ்கள். கடையில் கேட்டால், சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் இல்லாமல் பூ எடுக்கவே முடியாது என்கிறார்கள். ஒரு மாதச் சம்பளம் போய்விடும், வாங்கலாமா? அப்புறம் மேலே காட்டுப்பூ எந்த இடத்தில் நிறைய இருக்கும் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இருபதாவது வளைவு:
தம்பி, பணத்தைப் பத்திரமாக வையுங்கள். செங்காந்தள் உள்ளங்கை அகலத்துக்கு விரியும் பூ, அதற்கு மேக்ரோ எதற்கு? உங்கள் கேமராவில் படம் பதிகிற சென்சார் சுமார் 22 மில்லிமீட்டர் அகலம், பூ 80 மில்லிமீட்டர் என்றால் நிஜ அளவில் கால் பங்காக அதில் விழுந்தாலே படம் நிறைந்துவிடும், அதை உங்கள் 18-55 கிட்டப் போனாலே செய்துவிடும். விஷ்ணுகிராந்தி மாதிரி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பூவை எடுக்க ஆசை வந்தால் அப்போது மேக்ரோவைப் பற்றிப் பேசலாம், அப்போதும் முதலில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற வெற்று வளையம்) வாங்கிப் பாருங்கள்.

உங்கள் சிக்கல் பத்தரை மணிதான். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று மலை மேலே ஏற ஆரம்பிக்கும். காந்தளோ கொடி, இலை நுனியில் இருக்கிற பற்றுக்கம்பியால் எதையாவது பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், லேசாகக் காற்று வந்தாலே ஆடும். விடிந்ததும் ஒரு மணி நேரம் காற்று பெரும்பாலும் அடங்கி இருக்கும், வெளிச்சமும் மென்மை. முடியாவிட்டால் ஷட்டர் வேகத்தில் 1/500 விநாடிக்குக் கீழே இறங்காதீர்கள், அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 1600 போனாலும் போகட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. காற்று விட்டு விட்டுத்தான் வீசும், நடுவில் இரண்டு விநாடி பூ அசையாமல் நிற்கும், அதற்குப் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு விஷயம். கேமரா மொத்த வெளிச்சத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லும், ஆனால் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். ஹிஸ்டோகிராமில், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுச் சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் என்று குறையுங்கள். ஜேபெக் எடுப்பதாக இருந்தால் நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட், லேண்ட்ஸ்கேப் அமைப்பெல்லாம் வேண்டாம், நியூட்ரலில் வையுங்கள். கேமரா எதையும் மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பு என்றால் இன்னும் நல்லது.

இன்னொன்று, காந்தள் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து போகப் போகத்தான் முழுச் சிவப்பாகும். நீங்கள் முற்றிய பூவையே தேடிப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதி நிறம் மாறிய பூவைப் பிடியுங்கள்.

மலைக்கோழி:
மேலே சொன்னது சரி, ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற ஆளை விடிகாலையில் போ என்றால் எப்படி? பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து எம்பிராய்டரி வளையத்தில் மாட்டிப் பூவுக்கும் வெயிலுக்கும் நடுவே பிடித்தால் பத்தரை மணி வெயிலும் அடங்கிவிடும். நான் ஃப்ளாஷையே பக்கவாட்டில் வைத்து எடுப்பேன், ஆட்டமும் நின்றுவிடும்.

இருபதாவது வளைவு:
வேட்டித் துணிக்கு நான் ரெடி. ஃப்ளாஷ் மட்டும் எனக்கு ஒத்துவராது, பின்னால் எல்லாம் இருட்டாகிப் பூ மட்டும் ராத்திரியில் பூத்தது மாதிரி ஆகிவிடுகிறது.

காப்பித்தோட்டம்:
நான் போனில் மட்டும் எடுப்பவள், என் பங்குக்கு இரண்டு வார்த்தை. திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும், சிவப்புப் பூவுக்கு அது போதும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் எடுக்காதீர்கள், ஈரக்காற்று பட்டு லென்ஸில் ஆவி படிந்துவிடும். அதைப் பனிமூட்டம் என்று நினைத்து ஒரு காலைப் பொழுதையே வீணடித்தவள் நான்.

இடம் கேட்டிருக்கிறீர்கள். பொதுவெளியில் சொல்ல மாட்டேன், கோபப்படாதீர்கள். காந்தளுக்குக் கண்வலிக்கிழங்கு என்று இன்னொரு பெயர், அதன் விதைக்கு மருந்துச் சந்தையில் விலை உண்டு, ஓரிடம் தெரிந்துவிட்டால் கிழங்கைத் தோண்டிக்கொண்டு போக ஆள் வந்துவிடும். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுக்கும் இதே கதிதான். ஆர்க்கிட் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் 1963லிருந்து இருக்கிறது, அங்கே போங்கள். எஸ்டேட்டுக்குள் போவதாக இருந்தால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். பின்னணி சுத்தமாக வர வேண்டும் என்று சுற்றியுள்ள செடியை எல்லாம் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு கிளையை மெதுவாக ஒதுக்கித் துணி கிளிப் போட்டு, எடுத்து முடித்ததும் விட்டுவிடலாம். காந்தள் கிழங்கு கடும் விஷம், குழந்தைகளோடு போனால் கவனம்.

சேலத்துப் பையன்:
ஷிஃப்டை மாற்றிக்கொண்டு இன்று ஆறேகாலுக்கே போய்விட்டேன். மழை பெய்து விட்டிருந்தது, முட்டி வரை சேறு. எக்ஸ்போஷரை ஒன்று குறைத்து 55-250ஐ முழுக்க நீட்டி எடுத்தேன், இதழ் ஓரத்து மஞ்சள் முதல்முறையாக வந்திருக்கிறது! பின்னணியும் பச்சையாகக் கரைந்துவிட்டது. ஆனால் பூவின் நடுப்பகுதி தெளிவாக இருந்தால் மகரந்தக் கம்பிகளின் நுனி மங்குகிறது, நுனியைப் பிடித்தால் நடுப்பகுதி போய்விடுகிறது. லென்ஸ் துளையை எஃப் 5.6ல் வைத்து எடுத்தது.

இருபதாவது வளைவு:
துளையைச் சுருக்கி எஃப் 11க்குப் போங்கள், முன்னும் பின்னும் தெளிவு கூடும். அந்தக் கம்பிகள் குடைக்கம்பி மாதிரி எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்திலிருந்து எடுக்கும்போது மொத்தமும் ஒருசேர ஃபோகஸில் வராது. உங்களுக்குக் கிட்ட இருக்கிற நுனியைப் பிடியுங்கள். அல்லது சேற்றில் உட்கார்ந்து கீழிருந்து நேராக மேலே பாருங்கள், எல்லா நுனியும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்துவிடும். எப்படியும் பேன்ட் போச்சுதானே.