பீச் ஓரமா வில்லா, நாளைக்கு அட்வான்ஸ் கேக்கறாங்க, அவசரம்

நீலன்08: வணக்கம். பீச்ச ஒட்டி ஒரு வில்லா பாத்துருக்கேன், புரோக்கர் நாளைக்கே அட்வான்ஸ் போடச் சொல்றாரு. ஃபாரினர் பேர்ல நிலம் பதிவாகாதாம், கம்பெனி ஆரம்பிச்சு அது பேர்ல வாங்கிடலாம், 51 பர்சன்ட் ஷேர அந்த ஊர்க்காரங்க பேர்ல சும்மா காட்டுனா போதும்ங்கறாரு. போடலாமா?

கயல்விழி: எந்த நாடுங்க?

மணல்மேடு: பேங்க் டிரஸ்ட் வழியா வாங்குங்க, அதாவது நிலம் பேங்க் பேர்ல, அனுபவிக்கறது நீங்க, அதான் சேஃப். மெக்சிகோவுல கடலோரத்துலேர்ந்து 50 கிலோமீட்டருக்குள்ள வெளிநாட்டுக்காரங்க அப்படித்தான் வாங்கறாங்க, 50 வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்.

மூத்தவன்: மெக்சிகோ எங்க வந்துச்சு? 51/49னாலே தாய்லாந்துன்னு தெரியணும். தம்பி, இதே கேள்வி இங்க வந்துகிட்டேதான் இருக்கு, கொஞ்சம் தேடிப் படிச்சிட்டு கேக்கப் பழகுங்க. பினாமி ஷேர்ஹோல்டர் அங்க குற்றம், மாட்டுனா கேஸும் உண்டு, நிலத்தையும் வித்துட்டுப் போகச் சொல்லுவாங்க.

நீலன்08: ஆமா சார், புக்கெட்.

கயல்விழி: காண்டோன்னா, அதான் அடுக்குமாடி ஃபிளாட், உங்க பேர்லயே வாங்கலாமே. கட்டடத்தோட மொத்த ஃபிளாட் பரப்புல 49 பர்சன்ட் வரைக்கும் ஃபாரினர் கோட்டா, பணத்த வெளிநாட்டு கரன்சியாவே அனுப்பி அங்க பேங்க்ல அதுக்கு பேப்பர் வாங்கணும், அது இல்லாம பதிவு நடக்காது.

மணல்மேடு: அவர் வில்லான்னு சொல்லிட்டாரு. லீஸ் போடுங்க, 30+30+30, தொண்ணூறு வருஷம் நிம்மதி.

மூத்தவன்: சட்டத்துல 30தான். மிச்சம் அறுபதும் வெறும் வாக்குறுதி, நிலத்துக்காரர் மகன் முடியாதுன்னா என்ன பண்ணுவீங்க?

மணல்மேடு: எத்தன பேர் போட்டிருக்காங்க, எல்லாரும் ஏமாளியா?

மூத்தவன்: முதல் 30 முடியட்டும், அப்ப தெரியும்.

கயல்விழி: ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க. நீலன், நிலப் பத்திரத்து தலைப்புல கருடன் முத்திரை இருக்கும், என்ன கலர்? சிவப்புன்னா சனோட், ஒழுங்கா அளந்து எல்லைக்கல் நட்டது, அதான் முழு உரிமைப் பத்திரம். பச்ச அடுத்த தரம். கருப்புன்னா எல்லை துல்லியமா அளக்காதது, கை மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் ஒட்டணும்.

நீலன்08: கருப்பு

கயல்விழி: அப்ப நாளைக்கு ஒரு பைசா போடாதீங்க. வக்கீல நீங்களே தேடிப் புடிங்க, புரோக்கர் கூட்டிட்டு வர்ற ஆள் வேணாம். லேண்ட் ஆபீஸ்ல அடமானம் இருக்கா, பீச்சுக்குப் போற பாதை பதிவுல இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. லீஸ்தான்னாலும் 3 வருஷத்துக்கு மேலன்னா அங்கயே பதியணும்.

நீலன்08: சரி, வக்கீல் பாத்துட்டு சொல்றேன். நன்றி

மணல்மேடு: என்னாச்சு நீலன்? அட்வான்ஸ் போட்டீங்களா இல்லையா?